கனம் குறைந்த கிதார்

தராசுத் தட்டில் கிதாரை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சூசையம்மாள் கையை எடுத்தபோது, வெங்காய மண்டியே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

“ஏக்கா, இது நாட்டு வெங்காயமா, பல்லாரியா?” என்றான் எடை போடுகிற மலைச்சாமி.

“பேச்சக் கொறச்சுக் கல்லப் போடுப்பா.”

“லாபம்ம்ம்...” என்று இழுத்தபடி முதல் கல்லை வைத்தான். மண்டியில் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. லாபம் என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள். எடையை ராகம் போட்டு நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லியாக வேண்டும். முணுமுணுத்தால் கள்ள எடை என்பார்கள்.

பக்கத்தில் ஒரு மூட்டைமேல் அவள் புருஷன் அருள்நாதன் உட்கார்ந்திருந்தார். வேலுசாமியின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர். அதற்கு நாலே கம்பி. ‘நாலு கம்பிக்கா இம்புட்டு கனம்?’ என்று தெருவில் கேட்காத ஆள் கிடையாது. அது எதற்கு இருக்கிறது என்பதும் யாருக்கும் விளங்கியதில்லை. அது நின்றுபோனால்தான் பாட்டில் என்னமோ காணோம் என்று தெரியும். ஆகவே அதற்கென்று தனியாகக் கைதட்டலும் கிடையாது.

ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்ட ஒரு ரயில்வே கார்டு விட்டுப்போன பழைய கிதார் அவருடையது. கெட்டித் தேக்கு. அதைத் தோளில் மாட்டி நின்று நின்றே முதுகு போயிற்று என்பது தெருவின் தீர்ப்பு. சுளுக்கு எடுத்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், எருக்கிலை ஒத்தடம் கொடுத்தார்கள். ஆசுபத்திரி டாக்டர் மட்டும் முதுகைத் தட்டிப் பார்த்து, மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னார். அருள்நாதன், மாதா கோயில் திருவிழாக் கச்சேரி முடியட்டும் என்றார். புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டுக் கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். கனம் குறைந்த கிதார் வாங்குவது. அதை மாட்டியும் வலித்தால் அன்றைக்கே மதுரை. வலிக்காவிட்டால் குற்றமெல்லாம் பழைய கிதார்மேல். சூசையம்மாள் உடனே தலையாட்டியதைப் பார்த்தால், அவளுக்கும் கிதார் குற்றவாளியாக இருப்பதில்தான் விருப்பம் என்று தெரிந்தது.

வேலுசாமி மதுரையிலிருந்து இரண்டு கிதார் கொண்டுவந்திருந்தான். பிடித்ததை வைத்துக்கொள்ளலாம், மற்றதைத் திருப்பிவிடலாம். இரண்டும் தட்டில் ஏறி இறங்கின. இரண்டுமே பழையதில் பாதிதான் இருக்கும். மலைச்சாமி இரண்டையும் ராகத்தோடு சொன்னான்.

“அண்ணனையும் ஏத்துங்கக்கா. கழிவு போகச் சேத்துப் பாத்துருவோம்.”

மண்டியே சிரித்தது. அருள்நாதனும் சிரித்துக்கொண்டே தட்டில் போய்க் குந்தினார். மலைச்சாமி ஒரு ஆளுக்கு உண்டான கல்லைக் கண்ணளவில் வைத்தான். அருள்நாதன் இருந்த தட்டு விர்ரென்று மேலே போனது. ஒரு கல்லை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். மறுபடியும் குனிந்தான். ராகம் எங்கோ நின்றுபோயிருந்தது.

“எடையச் சொல்லேன்டா!” என்றான் ஒரு மூட்டைக்காரன்.

“தராசு சரியில்ல” என்றான் மலைச்சாமி.

வீட்டில் முதல் கிதாரை மாட்டிப் பார்த்தார்கள். தட்டில் அதுதான் லேசு. ஆனால் உடம்புக்கட்டை அவ்வளவு லேசாக இருந்ததால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இடது கையால் தாங்கிப் பிடித்தால்தான் நின்றது.

“இது ஆகாது தம்பி. வாசிக்கிற கையே சொமக்கிற கையாயிரும்” என்றாள் சூசையம்மாள்.

“தராசுல நிக்கிறது வேற, தோள்ல நிக்கிறது வேறதான் மதினி” என்று வேலுசாமி ஒப்புக்கொண்டான்.

அடுத்தது கொஞ்சம் கனம் கூடுதல். ஆனால் விட்ட இடத்தில் நின்றது. கித்தான் துணியில் பஞ்சு வைத்து உள்ளங்கை அகலத்துக்கு அவள் தைத்திருந்த தோள்வாரை அதில் கோத்து மாட்டினாள். எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி கதவை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். ஒளிந்து பார்க்கும் வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை.

“ஏ சூசம்மா, உன் வீட்டுக்காரரு புதுமாப்ள கணக்கா நிக்கிறாரே!”

“வலிக்குதாங்க?” என்றாள் சூசையம்மாள்.

“சுத்தமா இல்ல” என்றார் அருள்நாதன்.

“மாதா மேல சத்தியமா?”

“கோயிலுக்கு வாசிக்கப் போறவன்ட்ட சத்தியம் கேக்கலாமா?”

நாலு கம்பியையும் மீட்டினார். வேலுசாமி பாதிப் பாட்டைப் பாடி, துள்ளாத குறையாக மற்ற கிதாரைத் தூக்கிக்கொண்டு போனான். சூசையம்மாள் தண்ணீர் கொண்டுவரத் திரும்பியவள், அவர் சட்டை முதுகில் சுவரின் சுண்ணாம்பு அப்பியிருப்பதைப் பார்த்தாள். வாசித்த நேரமெல்லாம் சாய்ந்துதான் நின்றிருக்கிறார்.

கிதாரைக் கழற்றினாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்திருந்தார். நெற்றி வியர்வை தரையில் சொட்டியது.

“சூசை...”

“சொல்லுங்க.”

“கழட்டிரு. தோள அமுக்குது.”

“கழட்டிட்டேங்க.”

அவர் தலையைத் திருப்பி அவள் மடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆமால்ல” என்றார்.

எதிர்வீட்டில் ஜெய்தூன் பீவி பேச்சை நிறுத்தினாள். தெருவுக்கே அது புதுசு.

“நாளைக்குக் கச்சேரி முடிஞ்சு...” என்று இழுத்தார் அருள்நாதன்.

“இப்பவே போறோம்” என்றாள் சூசையம்மாள்.

ஜெய்தூன் பீவியே ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தாள். மதுரை பஸ்ஸைப் பிடிப்பதற்கு அவரைத் தாங்கி வண்டியில் ஏற்றினார்கள். மணிக்கூண்டு வருமுன்பே அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. குதிரை குளம்புச் சத்தத்தில் அவர் மூச்சைத் தேடித் தேடிப் பார்த்தாள். தோளை மட்டும் அசைக்கவில்லை. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வண்டியை ஓரங்கட்டினார்.

“திரும்பிருவமாம்மா?”

“செத்த நேரம் நில்லுங்க.”

விடிந்ததும் தெரு தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்டது. பழைய கிதார் விடுதலையானது. “உசுரோட இருக்கிற மனுசன எடை போடலாமா?” என்று புதிதாகக் கிளம்பினார்கள். மலைச்சாமி தெருமுனை வரை வந்து, அதைக் காதில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். “அவன வரச் சொல்லுங்க” என்று ஆளனுப்பினாள் சூசையம்மாள். வந்தான். “எம்புட்டு இருந்தாரு?” என்று மட்டும் கேட்டாள். அவன் அவள் பக்கம் குனிந்து சொன்னான். இரண்டடியில் நின்ற ஜெய்தூன் பீவிக்கே அது கேட்கவில்லை. சூசையம்மாள் தலையசைத்தாள். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. அழவுமில்லை. அதற்கும் தெரு தன் பங்குக்குப் பேசியது.

மாதா கோயில் சாமியார் ஜெபம் முடித்தார். பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். கால்மாட்டுக்கு வேலுசாமி வந்து, இடுப்பை வளைத்துக் குனிந்து கைகொடுத்தான்.

“தம்பி” என்றாள் சூசையம்மாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“குனிஞ்சு தூக்காத. முட்டிய மடக்கித் தூக்கு.”

வேலுசாமி கையை எடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியை மடக்கி உட்கார்ந்து, மெல்ல எழுந்தான்.