ஒரு கைப்பிடி உப்பு

திங்கட்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி சாந்தகுமாரி இட்லி மாவில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தாள். புதன்கிழமை மூன்று மணிக்குக் கடலே இல்லாத காக்ஸ் டவுனில் எங்கள் கூடத்துக்குள் கடல் வந்து அவளைப் பெட்டியோடு கொண்டுபோனது. இது 1998 ஜூனில்.

கடல் எங்களுக்குப் புதிதல்ல. 1991இல், எங்கள் மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தம்பி டெஸ்மண்ட் மனப்பாடம் செய்தான். எல்லாம் அவர்கள் ஊரில் கிழவிகள்கூட மறந்துவிட்ட பாட்டுகள். மாலுமி, துறைமுகம், கண்ணீர். சனிக்கிழமைதோறும் ஒரு ஓட்டலில் மாலுமித் தொப்பி வைத்து, நெஞ்சில் கைவைத்து, இல்லாத கண்ணீரைத் துடைத்துத் துடைத்துப் பாடுவான். வேலைக்கு வந்திருந்த ஜெர்மன் இன்ஜினியர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். முதல் அடியிலேயே தரையிலிருந்து உப்புத்தண்ணீர் கணுக்கால்வரை ஏறும். கடைசி அடியில் அவன் இடது கண்ணை அடித்ததும் வடிந்துவிடும். சர்வர்கள் பேண்டை மடித்துக்கொண்டு பீர் கொடுத்தார்கள். ஏழு வருடம் இப்படியே போனது. கேசட் வந்தது, மங்களூரிலும் சென்னையிலும் கூப்பிட்டார்கள்.

அதில் ஒரு பாட்டு சாந்தகுமாரிக்கு நிஜமாகவே பிடிக்கும். திரும்பாத ஒருவனுக்காகக் கரையில் நிற்பவளின் பாட்டு. அர்த்தத்தை அவன்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"ஒரே ஒரு தடவ கண்ணடிக்காம பாடுங்க."

"சும்மா பாடினா எவன்மா டிக்கெட் வாங்குவான்?"

"நான் வாங்குறேன்."

செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் போகப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

பெட்டியை மூடுமுன் இறந்தவருக்குப் பிடித்த பாட்டை வீட்டார் பாடுவது எங்கள் வழக்கம். கீர்த்தனைதான் பாடுவார்கள். தம்பி அந்த ஜெர்மன் பாட்டை எடுத்தான். துக்கத்துக்கு வந்த ஆண்கள் பழக்கத்தில் பேண்டை மடித்தார்கள், பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகினார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். கடைசி அடி வந்தது. அவன் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தான். தண்ணீர் முழங்காலைத் தொட்டது.

சின்னப்பா மாமா அவன் தோளில் கைவைத்து, "கண்ணடிச்சு முடிச்சிடுப்பா. ஜனம் நனையுது," என்றார்.

அவன் முதல் அடியிலிருந்து மறுபடி பாடினான். பெட்டி எழும்பியது. வாசல் நிலையில் இடிக்காமல் திரும்பித் தெருவுக்கு மிதந்தது. அதன் பிடியைப் பற்றிக்கொண்டு அவனும் போனான். மார்க்கெட் வரைக்கும் பாட்டு கேட்டதாகச் சொன்னார்கள். கல்லறைக் கல்லில் இருவர் பெயரும் இருக்கிறது; கீழே ஒருவரும் இல்லை.

கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அங்கே உப்புப் பூக்கிறது. அதைச் சுரண்டித்தான் மாவுக்குப் போடுகிறோம். இன்றும் ஒரு கைப்பிடிதான்.