வெள்ளையாக விட்ட தெரு

சாவடித் தரையில் ஊர்ப் படத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல்லை வைத்தார் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரஹமத்துல்லா. வெளியே வெயிலில் நின்று எட்டிப் பார்த்தான் சின்னான். சாவடிக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. ஆனால் படத்திலிருந்த சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் அவன் சொல்லித்தான் விழுந்தது. எந்த வீட்டில் யார் காலில் நரம்புச் சிலந்திப் புழு, எத்தனை நாளாக என்று, ஊருக்கு ஏவல் வேலை பார்க்கும் வெட்டிக்காரனான அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? மூன்று நாளாக இன்ஸ்பெக்டரின் மைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாக எட்ட நின்று குரல் கொடுத்தான். காலில் துணிக்கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தவர்கள், புண்ணிலிருந்து தலை நீட்டும் வெள்ளைப் புழுவைக் குச்சியில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினார்கள். காட்டிவிட்டு அவனை முறைத்தார்கள். இன்ஸ்பெக்டரை முறைக்க முடியாது, அவர் சர்க்கார். சின்னானை முறைக்க யாரைக் கேட்க வேண்டும்?

"மொத்தம் அறுபத்திரண்டு பேர்," என்றார் ரஹமத்துல்லா, சாவடியில் கூடியிருந்த ஊராரிடம். "அத்தனையும் படிக்கிணத்துத் தண்ணி குடிக்கிற வீடு. புண்ணுக் காலோட படியில எறங்குறீங்க. புழுவோட குஞ்சு தண்ணியில கலக்குது. அதையே மொண்டு குடிக்கிறீங்க. இதோ பாருங்க, சின்னான் இருக்கற கீழ்வளவுல ஒரு புள்ளிகூட இல்ல. அது கயிறு போட்டுச் சேந்துற கிணறு, யாரும் உள்ள கால் வைக்க முடியாது. இந்த ஊர்லயே நல்ல தண்ணி அதுதான்."

கெட்டிக்காரர்தான். யார் காதில் எதைப் போடுகிறோம் என்பது மட்டும் அந்தப் படிப்பில் இல்லை போலிருக்கிறது.

மணியக்காரர் வேலுசாமியின் வீட்டுக்கே மூன்று புள்ளி. அவரே கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நாங்க அசிங்கம், அவனுக சுத்தம். அப்படித்தானுங்க?"

"அசிங்கம்னு சொல்லலீங்க. படியை அடைச்சுச் சுவர் கட்டணும்."

"எங்க பாட்டன் வெட்டுன படி. அடைக்க முடியாதுங்க." மணியக்காரர் படத்தில் வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல தண்ணி அங்கதான் இருக்குதுன்னா எடுத்துக்கறோம். ஐயரக் கூட்டியாந்து தீட்டுக் கழிச்சாப் போச்சு. காலைல நீங்களும் வந்து ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. அவனுக ஆத்துல ஊத்துத் தோண்டிக்கட்டும்."

ஆறு இரண்டு மைல். சித்திரையில் ஊற்றும் கிடையாது. சாவடியில் இருந்த ஒருவர்கூட வெயிலில் நின்றவன் பக்கம் திரும்பவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் மழை பொய்த்தபோது, படிக்கிணற்றிலிருந்து ஒரு குடம் ஊற்றக்கூட இந்த ஊருக்கு மனசு வரவில்லை. வளவின் பதினாலு குடும்பமும் கடப்பாரையும் உளியுமாகப் பாறையில் இறங்கியது. கல் சரிந்து சின்னானின் அண்ணன் ஆண்டி அதற்குள்ளேயே செத்தான். படி வெட்டத் தெம்பில்லாமல் நேராகக் குத்திக்கொண்டு போன கிணறு. அந்த இல்லாமையைத்தான் இந்த மனுஷன் சுகாதாரம் என்கிறார்.

மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் தங்கியிருந்த முசாபரி பங்களா வரைக்கும் பேசாமல் வந்தவன், வாசலில் வாயைத் திறந்தான்.

"ஏனுங் சாமி, எங்க தெருவுலயும் ஒரு நாலு செவப்பு வெச்சுருங்."

ரஹமத்துல்லா திரும்பிப் பார்த்தார். "இல்லாத நோயை எப்படிப்பா எழுதுறது? உங்க தெரு வெள்ளையா இருக்கறதாலதான் படிக்கிணறுதான் காரணம்னு என்னால நிரூபிக்க முடியுது. அங்க ஒரு புள்ளி விழுந்தாப் படத்துக்கே அர்த்தமில்ல. சேலத்துலேர்ந்து உத்தரவு வந்துட்டா அந்தப் படியை அடைச்சுடுவாங்க. உங்க கிணறு யாருக்கும் வேண்டியிருக்காது."

"உத்தரவு வர எத்தன நாளாகுமுங்?"

"ஆறு மாசம். எட்டு மாசமும் ஆகலாம்."

"எங்க கெணத்த எடுக்க ஒரு காலைப்பொழுது போதுமுங் சாமி."

அவர் மைப்பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பொய்க் கணக்கு எழுதாத மனுஷன். அந்தப் பெருமைக்கு வளவுக்காரர்கள் தங்கள் தண்ணீரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அவன் பெண்சாதி ஆராயி நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை, யாரையும் சபிக்கவில்லை. கொடியில் கிடந்த ஒரே மாற்றுப் புடவையை இழுத்து, நுனியைப் பல்லால் கடித்து, நீளநீளமாகக் கிழிக்கத் தொடங்கினாள்.

காலையில் மணியக்காரர் ஐயரோடும், புதுக்குடம் தூக்கிய பத்து ஆட்களோடும் வந்தார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர், அக்குளில் சுருட்டிய படம். வளவு முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றிருந்தது. ஆண், பெண், குஞ்சு குளுவான் எல்லோருக்கும் கணுக்காலிலோ முழங்காலிலோ கட்டு. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பிய, ஒரே புடவையின் துணி.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானடா நடந்தீங்க?" என்றார் மணியக்காரர்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சுங் சாமி," என்றான் சின்னான். "எங்க தண்ணிலயும் புழு இருக்குதுங்."

"அவுருடா கட்ட."

"அவுத்தாப் புழு அறுந்துருமுங். அறுந்தாக் காலே அழுகிப் போயிருமுங், சாமிக்குத் தெரியாததா? வேணும்னா சாமியே பக்குவமா அவுத்துப் பாருங்."

சொல்லிவிட்டுக் காலை முன்னால் நீட்டினான். அவன் ஆயுசில் அப்படி நீட்டியதில்லை. மணியக்காரர் ஓரடி பின்னால் போனார். குடம் தூக்கியவர்களும் நகர்ந்தார்கள். தொட்டால்தானே அவிழ்க்க முடியும்.

"நீங்க பாருங்க," என்றார் மணியக்காரர், இன்ஸ்பெக்டரிடம். "நீங்க சொன்னாச் சரி."

ரஹமத்துல்லா மண்ணில் குந்தினார். சின்னானின் குதிகாலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். முதுகால் மறைத்தபடி ஒரு சுற்று அவிழ்த்தார், இன்னொரு சுற்று. மஞ்சளுக்கு அடியில் பாறைபோல் திடமான கால். நிமிர்ந்து சின்னானின் முகத்தைப் பார்த்தார். சின்னான் கெஞ்சவில்லை. வெறுப்பை மறைக்கவும் இல்லை.

அவர் துணியைப் பழையபடி சுற்றி முடிச்சுப் போட்டார். எழுந்துபோய்க் கிணற்று மேட்டில் படத்தை விரித்தார்.

"மைப்பெட்டி."

சின்னான் நொண்டிக்கொண்டே கொண்டுபோனான். புட்டியை அவனே திறந்து பிடித்தான். நிப்பு மைக்குள் போய் வந்தது. அறுபத்திரண்டு புள்ளிகளையும் தாண்டி, வெள்ளையாக விட்ட தெருவுக்கு மேலே வந்து நின்றது. முனையில் சிவப்பு மை திரண்டு கனத்தது. கிணற்றைச் சுற்றி நின்ற அத்தனை கால்களும் அசையவில்லை.