வலிச்சா சொல்லணும்

ரகுபதி அதிகம் பேசாதவர். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். கடலுக்குப் போனால் பத்து நாள் இஞ்சின் சத்தத்தோடு இருந்துவிட்டு வருவார். வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவி முத்தம்மா பேசிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக இதில் இருவருக்கும் குறையில்லை.

இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை நெருப்பாய் இழுத்த வலியைக்கூட அவர் ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. லுங்கி கட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு முத்தம்மாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

"முதுகுத்தண்டுல ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது," என்றார் டாக்டர் மாயா. "பெருசா கிழிக்க வேண்டாம். பென்சில் கனத்துல ஒரு குழாய், அதுக்குள்ள கேமரா. நகம் அளவுக்குத்தான் காயம் இருக்கும். ஆனா முழு மயக்கம் தர மாட்டேன், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பேன். குழாய் நரம்புகிட்ட போனா கால்ல சுரீர்னு இழுக்கும். உடனே நீங்க சொல்லணும்."

"இவுரா? உயிரே போனாலும் சொல்ல மாட்டாரு டாக்டர். நா உள்ள வந்து நிக்கிறேன். மூஞ்சப் பாத்தே சொல்லிடுவேன்."

"அது முடியாதும்மா."

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. சோறு போடும்போது, டிவி பார்க்கும்போது, முத்தம்மா திடீரென்று அவர் தொடையில் கிள்ளுவாள்.

"வலிக்குதா?"

"ம்."

"இன்னாயா ம்? வாயத் தொறந்து சொல்லு!"

ஆபரேஷன் அன்று குப்புறப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் நர்ஸ் வியாகுலம்மாள் உட்கார்ந்தாள். "எதுனா பேசிகினே இருங்கண்ணா," என்றாள். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முகத்தைத் திருப்பினால் ஒரு திரை தெரிந்தது. அதில் தெளிந்த தண்ணீர் ஓட, வெள்ளை வெள்ளையாய் நார்கள் அசைந்தன.

"இன்னா சிஸ்டர் இது, கடலா?"

"உங்க முதுகுதாண்ணா. ரத்தம் மறைக்காம இருக்க உப்புத் தண்ணி விடுறாங்க."

உப்புத் தண்ணீர் என்றதும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. எந்த ஆழத்தில் எந்த மீன் என்று ஆரம்பித்தார். பொடி இடுக்கி ஒரு துணுக்கை இழுத்ததும், "நண்டுச் சதை மாரி கீது," என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். அதே நொடியில் கால் சுரீரென்றது.

"வலிக்குது டாக்டர்!"

அறையே அதிர்ந்தது. குழாய் சட்டென்று பின்வாங்கியது. டாக்டர் கோணத்தை மாற்றி மறுபடி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அழுத்திக்கொண்டிருந்த துண்டு வெளியே வந்தது. காலில் எரிந்துகொண்டிருந்த நெருப்பு அணைந்தே போனது. கட்டைவிரலை ஆட்டச் சொன்னார்கள். ஆட்டினார். கண் கலங்கியது. முத்தம்மாவிடம் இதை உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

சாயந்திரம் அவரை எழுப்பி நடக்க வைத்தபோது, "உள்ள அண்ணன் வாயே மூடலக்கா. பாதி நேரம் உங்களப் பத்தின பேச்சுதான்," என்று வியாகுலம்மாள் முத்தம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

முத்தம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "என்னாண்ட பேசாதத யாராண்டயோ பேசினியா? இன்னாயா சொன்ன?"

ரகுபதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நீ மீன் ஏலத்துல ஒருத்தன்கிட்ட சண்ட போட்டுகினு இருந்த. நா கரைல நின்ன லாஞ்சு உள்ள இருந்தேன். மூஞ்சி தெரில, கொரலுதான் கேட்டுச்சு. கட்டுனா இவளத்தான் கட்டணும்னு அன்னிக்கே எங்கம்மாவாண்ட சொல்லிட்டேன்."

"உங்கம்மா பாத்து முடிச்சதுன்னு இல்ல நெனச்சுகினு இருந்தேன்!"

"நாந்தான் சொன்னேன். சங்கரா மீன் கூடைக்குத்தான் அந்தச் சண்ட."

"சங்கரா இல்லயா, வவ்வாலு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, நடந்துகினே சொல்லு. அப்பறம் உங்கம்மா இன்னா சொன்னாங்க?"

அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, ரகுபதி மெதுவாக வார்டு வாசலை நோக்கி நடந்தபடி சொல்ல ஆரம்பித்தார்.