கழுத்தில் கத்தி, கண்ணில் கடல்

லியேஜ் நகரில் பூக்கடை வைத்திருந்த கிஸ்லேனின் கழுத்தில் ஒரு கட்டி. முழு மயக்கம் வேண்டாம், ஊசியால் கழுத்தை மரத்துப்போகச் செய்து, ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தியே அறுவை செய்யலாம் என்றார் மருத்துவர்.

“மேடையில ஆளைக் கொக்கரிக்க வைக்கிற வித்தைடீ அது! அதை நம்பிக் கழுத்தைக் கொடுக்கப் போறியா?” என்று அதட்டினான் அண்ணன் ஃபிர்மேன்.

“எப்படித்தான் இருக்கும்னு பார்த்துடறேனே!”

அறுவை மேஜையில் மருத்துவரின் குரல் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனது. காலடியில் ஈர மணல், முகத்தில் காற்று. எல்லாம் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாள்.

வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்த ஃபிர்மேன் ஓடி வந்தான். “கத்தி பட்டது தெரியலையா?”

“தெரிஞ்சுது, யாரோ மப்ளரைச் சரி பண்ற மாதிரி.”

அவள் கழுத்தில் போட்டிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெல்லக் குரலைத் தாழ்த்தினான். “சும்மாதான் கேக்கறேன்... பல்லு பிடுங்கறதுக்கும் இதைப் பண்ணுவாங்களா?”