கருவாட்டுப் பரணில் ஒரு பன்னச்செடி

கடலோரப் பள்ளிமுனையில், நிழலும் ஈரமும் கேட்கும் பன்னச்செடியை வீட்டுக்குள் வளர்ப்பதென்றால் லேசுப்பட்ட காரியமா? கிணற்றுத் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. செலீனா மழைத்தண்ணீரைப் பெரிய தகரப் பரலில் பிடித்துவைத்து, வெயில் படாத ஜன்னலோர மூலையில் நாலு வருடமாக அதை வளர்த்திருந்தாள். இதற்கிடையில் அவள் கண் இரண்டிலும் வெள்ளை படர்ந்தது. கடைசி வருடம் முழுக்கத் தடவித் தடவித்தான் தண்ணீர் ஊற்றினாள்.

கண் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணத்தில் தங்கை ஜெஸ்லியா வீட்டுக்குப் போகும்போது, புருஷன் எட்வேட்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"திரும்பி வந்து முதல்ல அதின்ர இலையளைத்தான் பாக்கோணும். கவனமாப் பாருங்கோ."

மனுஷன் கவனமாகத்தான் பார்த்தார். அதுதான் வினையாய்ப் போனது. முதல் கிழமையே இலையைத் திருப்பியவர் பதறிப்போனார். அடியில் வரிசை வரிசையாக மண்ணிறப் புள்ளிகள். பூக்காத பன்னத்துக்கு வித்து இலையடியில் அப்படித்தான் வரும் என்று அவருக்கு யார் சொல்வது? ஏதோ பூச்சி முட்டையிட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். கருவாட்டில் புழு விழுந்தால் என்ன செய்வார்கள்? நல்ல வெயிலில் போடுவார்கள். விடியவே சட்டியைக் கொண்டுபோய்க் கருவாடு காயும் பரணில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். மத்தியானம் வந்து பார்த்தால் செடியும் கருவாடாகிக் கிடந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே மாதிரி வேறொன்றை வாங்கி வைத்துவிட்டால் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று கூட்டாளி லோறன்ஸ் யோசனை சொன்னார். நாலு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தவளை ஏமாற்ற எட்வேட்டுக்கு மனம் வரவில்லை. கருகியதை வெட்டிவிட்டு, வெறும் கட்டைக்குக் காலையும் மாலையும் பரல் தண்ணீரை ஊற்றினார். உயிர் வருமென்று நம்பியெல்லாம் இல்லை. செய்வதற்கு வேறொன்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்து இறங்கிய செலீனா, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நேரே மூலைக்குப் போனாள். எட்வேட் கதவடியிலேயே நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அவள் ஏசவில்லை. சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைக் கூப்பிட்டு, கட்டைகளுக்கு நடுவே விரலால் காட்டினாள். மெல்லிய மயிர் மூடிய மூன்று பச்சைச் சுருள்கள், கடுகளவில். தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிய எட்வேட் அவற்றை இப்போதுதான் காண்கிறார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்கட கண்ணைத்தான் முதல்ல ஒப்பரேசன் செய்திருக்கோணும்," என்றாள் செலீனா.