நாலு ட்யூப் விளக்கு

திருப்பாதிரிப்புலியூரில் கலியமூர்த்தியின் வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததுமே ராஜவேலின் கண் நாலு ட்யூப் போட்ட பெரிய விளக்கின் மேல் போயிற்று. அதன் கீழிருந்த தொட்டியில் செடிகள் ரத்தச் சிவப்பாக நின்றன. அவன் மனைவி மாலதி ஓரத்தில் கிடந்த ஒற்றை ட்யூப் விளக்கை எடுத்துத் தூசி தட்டினாள். வீட்டுத் தொட்டியின் பழைய விளக்கு வோல்டேஜ் ஏறி இறங்கியதில் கருகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் சிதம்பரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இறால் பண்ணைகளுக்குத் தண்ணீர் சோதித்துக்கொடுக்கும் ஆய்வகம் ஒன்று அவளை வேலைக்கு எடுத்திருந்தது. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோது ராஜவேல் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே தொட்டி ஒன்றை வாங்கிவந்து கூடத்தில் வைத்தான். “கடல் உயிரியல் படிச்ச பொண்ணு. சும்மா இருந்தா போரடிக்கும்ல?” என்றான். இவ்வளவு பிரியமாகச் சொல்பவனோடு எப்படிச் சண்டை போடுவது? அதற்கப்புறம் எங்கே கிளம்பினாலும் தொட்டி குறுக்கே நின்றது. குறிஞ்சிப்பாடியில் அம்மா வீட்டில் நாலு நாள் தங்கினால், “உன் மீனெல்லாம் சுருண்டு கெடக்கு” என்று போன் வந்துவிடும்.

“மச்சான், பெருசு எடுத்தா வேலை ஜாஸ்தி,” என்றார் கலியமூர்த்தி. “செடிக்குக் கரியமில கேஸ் விடணும், உரம் போடணும், வாராவாரம் செடிய வெட்டணும். கொஞ்சம் அசந்தீங்கன்னா தொட்டி பூரா பாசி.”

“அதான் வூட்டுல ஆளு இருக்கே.”

“சின்னது போட்டா?” என்றாள் மாலதி.

“பெரணிச் செடிதான் வைக்கலாம் தங்கச்சி. செவப்பெல்லாம் வராது. அது பாட்டுக்குக் கெடக்கும். நீங்க ஊருக்குப் போனதே அதுக்குத் தெரியாது.”

“இதையே குடுங்கண்ணே.” ராஜவேல் முகம் சுருங்குவதைப் பார்த்து, “அந்தப் பெருசு தண்ணியச் சுட வச்சிடும்ங்க. இந்த வெயில்ல மீனு தாங்காது,” என்றாள். கூடவே ஒரு டைமரும் கேட்டாள். முள்ளைத் திருப்பி வைத்தால் குறித்த நேரத்தில் விளக்கைத் தானே போட்டு அணைக்கும் வட்டமான டைமர்.

அது மாமியாருக்காக. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கூடம் இருண்டிருக்கக் கூடாது என்பது மங்கலத்தின் சட்டம். மருமகள் சாமி விளக்கை ஏற்றி, கையோடு தொட்டி விளக்கையும் போட வேண்டும். சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வருபவள் இருட்டியபிறகுதான் வீடு சேர முடியும். முதலில் தொட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளட்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்று கணக்குப் போட்டாள்.

முதல் நாள் ஆறு மணிக்கு விளக்கு தானாக எரிந்தது. “பரவாயில்லையே,” என்றாள் மங்கலம்.

கரண்ட் போனால் டைமரும் நின்றுவிடும் என்பதை மாலதி யோசிக்கவில்லை. மின்வெட்டு ஊரையே ஆட்டிவைத்த வருஷம் அது. ஒவ்வொரு வெட்டுக்கும் முள் அத்தனை நேரம் பின்தங்கியது. மறுநாள் விளக்கு எரியும்போது ஊர் சாப்பிட்டு முடித்திருந்தது. அதற்கு மறுநாள் எல்லோரும் படுத்தபிறகு எரிந்து, விடிந்தும் அணையாமல் நின்றது.

“இதத் திருப்பி வைக்கிறதுக்கே ஒரு ஆளு வேணும் போலருக்கே,” என்றாள் மங்கலம்.

மனைவி தினமும் முள்ளோடு மல்லுக்கட்டுவதை ராஜவேலும் பார்த்தான். வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது அந்தப் பெரிய விளக்கோடு வந்தான். கேஸ் சிலிண்டர், ஒரு கட்டு சிவப்புச் செடி, தண்ணீர் சூடாகாமலிருக்க இரண்டு குட்டி ஃபேன்கள். அவள் சொன்ன காரணத்தைக்கூட மறக்காமல் அடைத்துவிட்டான்.

“உனக்காகத்தான்,” என்றான்.

விளக்கைப் போட்டதும் கூடமே வெளுத்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். மாலதி செடிகளை ஒவ்வொன்றாக நட்டாள். முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்த அவள் கையையும் அந்த வெளிச்சம் வெளுப்பாகக் காட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனது. கூடத்து பல்புக்கு மட்டும் இருந்த இன்வெர்ட்டரும் தீர்ந்திருந்தது. யார் முகமும் தெரியாத இருட்டில் அவள் செல்போனை எடுத்தாள்.

“சார், கடலூர் மாலதி பேசுறேன். திங்கக்கிழமை வந்துடுறேன்.”

“யாருகிட்டடி?” மங்கலத்தின் குரல் சோபாவிலிருந்து வந்தது.

“சிதம்பரத்துல வேலைக்குச் சொன்னேன் அத்தை. லேபு.”

“அப்ப ஆறு மணிக்கு யாரு வெளக்கு வைப்பா?”

“நீங்க வைங்க அத்தை. வத்திப்பெட்டி அங்கதான் இருக்கு.”

கரண்ட் வந்தது. நாலு ட்யூப்பும் ஒரே நேரத்தில் எரிய, வாசல் நிலையில் ராஜவேல் நிற்பது தெரிந்தது. கையில் செடி வெட்டும் புதுக் கத்தரி, அட்டைகூடப் பிரிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

“அப்ப இதை யாரு பாத்துக்கிறது?” என்றான் மெதுவாக. கோபமே இல்லாத குரல். எப்போதும் அதுதான் அவளைக் கட்டிப்போடும்.

மாலதி சுவிட்சை அணைத்தாள். சிவப்புச் செடிகளை வேரோடு பிடுங்கி வாளியில் போட்டாள். முந்தின நாள் கழற்றிப் பரணில் போட்ட ஒற்றை ட்யூப்பை இறக்க ஸ்டூலைத் தேடினாள். ஸ்டூல் ராஜவேலுக்குப் பின்னால் இருந்தது. அவன் நகரவில்லை.

“கொஞ்சம் தள்ளுங்க,” என்றாள்.