எனக்கு நன்னா கேக்கறது

போன் கம்பெனியின் விளம்பரத் தலைவர் ஜப்பானில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். டில்லி ஓக்லாவில், விளம்பரம் எடுப்பவர்களின் அலுவலகத்தில் திரையை இறக்கி, அந்த ஊர் போன் விளம்பரங்கள் நாற்பதைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் ஒரு வீட்டின் மாமா, ஒரு குளிர்பதனப் பெட்டி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே அதனிடம் பேசினார்கள். இன்னொன்றில் மாப்பிள்ளை ஒரு கொக்கு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைசி இரண்டு நொடியில் போன் வந்தது.

காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் சிரிப்பு போய்விடும் என்றார். தமிழ்நாட்டுக்கு அப்படி ஒன்று வேண்டும்.

குழுவில் தமிழ் தெரிந்தவன் ஸ்ரீவத்ஸன் மட்டும்தான். அன்று மாலையே எழுதிக் கொடுத்தான். ஒரு குடும்பம். அதில் அப்பா மட்டும் கழுதை.

இயக்குநர் அபூர்வா ஏன் கழுதை என்று கேட்டாள். தோன்றியது என்றான். அவன் அப்பா வெங்கட்ராமன் பதினெட்டு வயதுவரை அவனை அப்படித்தான் கூப்பிட்டார். அதை அவளிடம் சொல்லவில்லை.

குரல்தான் கிடைக்கவில்லை. டில்லியில் கிடைத்த தமிழ்க் குரல்கள் எல்லாம் செய்தி வாசித்தன. நான்காவது ஆளும் போன பிறகு ஸ்ரீவத்ஸன் தன் போனை எடுத்தான். வருகிற அழைப்பெல்லாம் அதில் தானாகப் பதிவாகும். அப்பா தினமும் ஒரு மணிக்கு வீட்டிலிருந்து கூப்பிடுவார். ஒலிப்பதிவாளன் ப்ரணவ் கம்பியைச் செருகினான்.

"ஹலோ... வத்ஸா, கேக்கறதா? எனக்கு நன்னா கேக்கறது. உனக்குத்தான் காது சரியில்லை."

ப்ரணவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தான். "யஹீ ஹை! கௌன் ஹை பையா?" இதுதான் வேண்டும், யார் இது என்று கேட்டான்.

"தெரிஞ்சவர்," என்றான் ஸ்ரீவத்ஸன்.

விளம்பரத்தில் வேட்டி கட்டிய கழுதை, நீண்ட காதுகளோடு நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

ஸ்ரீவத்ஸனின் மனைவி வைதேஹி சிரிக்கவில்லை. கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸ் அவள் வேலைக்குக் கிடைத்தது. மாமனாரும் அவர்களோடு இருந்தார். முதல் தடவை டிவியில் வந்தபோதே அவள் கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"இது அப்பா குரல்."

"அவருக்குத் தெரியாது. தன் குரல் யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா?"

"நீ சொல்லாத வரைக்கும் தெரியாது."

கூடத்தில் வெங்கட்ராமன் இருமும்வரை சிரித்துக்கொண்டிருந்தார். "யாருடா அந்த ஆளு? தஞ்சாவூர்க்காரன்தான். என்னமா பேசறான்!"

மறுநாளிலிருந்து அதைப் பழகினார். குளியலறையில் பழகினார். மாலையில் மலை மந்திர் முருகன் கோயிலில் நண்பர்களிடம் செய்து காட்டினார்.

"ஓய், கண்ணை மூடிண்டா கழுதையேதான்!" என்றார் ராஜகோபால். "இன்னொரு தரம் பண்ணும்."

அவர் பண்ணினார். ராஜகோபால் பக்கத்து ஆளை முழங்கையால் இடித்தார். அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கம்பெனி இன்னும் ஆறு விளம்பரம் கேட்டது. முதல் மூன்று பத்து நாளில் வேண்டும். பழைய பதிவுகளில் வேறெதுவும் தேறவில்லை. புதிதாக எடுக்கவும் முடியவில்லை. ஒரு மணி அழைப்பில் அப்பா இப்போது கழுதை மாதிரி பேசினார். வார்த்தையை இழுத்தார். குரலை நடுக்கினார். ஸ்ரீவத்ஸனுக்கு வேறு வழி இல்லை.

"அப்பா, அந்த ஆளு ஊருக்குப் போயிட்டான். நீங்க பண்றேளா?"

வெங்கட்ராமன் இஸ்திரி போட்ட சட்டையில் ஒலிப்பதிவுக்கு வந்தார். வாயில் பனங்கற்கண்டை அடக்கியிருந்தார். பன்னிரண்டு தடவை எடுத்தார்கள். ப்ரணவ் தலையை ஆட்டினான். அபூர்வா கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னாள்: "அங்கிள் நகல் கர் ரஹே ஹைன்."

"நக்கல் பண்றேன்கறாளாடா?"

"நகல்ப்பா. காப்பி அடிக்கறேளாம். வெளில சோபால உக்காருங்கோ."

அவர் போனார். அபூர்வா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்ரீவத்ஸன் தன் போனில் கம்பியைச் செருகச் சொன்னான். பிறகு அப்பாவின் எண்ணை அழுத்தினான். கண்ணாடிக் கதவு வழியாக அவர் சட்டைப் பையில் துழாவுவது தெரிந்தது.

"அப்பா, உங்களுக்கு வரலை. வேற ஆளைப் போட்டுக்கறோம்."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஹலோ... கேக்கறதா, வத்ஸா? பரவாயில்லைடா. நான் பஸ் பிடிச்சுப் போய்க்கறேன். நீ வேலையைப் பாரு."

ப்ரணவ் கட்டைவிரலை உயர்த்தினான். "அவுர் ஏக்," என்று இன்னொன்று கேட்டாள் அபூர்வா.

"எந்த பஸ்னு தெரியுமா?" என்றான் ஸ்ரீவத்ஸன்.

"தெரியாது. யாரையாவது கேட்டுக்கறேன்."

"ஹிந்தில கேப்பேளா?"

"நாப்பது வருஷமா டில்லில இருக்கேண்டா. கேப்பேன்."

"சட்டை கசங்கிடும்."

"கசங்கட்டும். யார் பாக்கப் போறா?"

எட்டு நிமிடம் பேசவைத்தான். மூன்று விளம்பரத்துக்கு ஆயிற்று.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வந்தது. குடும்பம் காரில் ஏறிப் போகிறது. பஸ் நிறுத்தத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் கழுதை நிற்கிறது. "பரவாயில்லைடா. நான் பஸ் பிடிச்சுப் போய்க்கறேன்."

வெங்கட்ராமன் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். குரல் அப்போதும் அவருக்குப் பிடிபடவில்லை. வார்த்தை தெரிந்தது. சட்டை தெரிந்தது.

விளம்பரம் முடிந்தது. ஸ்ரீவத்ஸன் வீட்டில் இல்லை.

"ஏம்மா," என்றார் வைதேஹியிடம். "போன்ல பேசறதெல்லாம் அவன் போன்லயே தங்கிடுமா?"

"தங்கும்ப்பா."

"முதல்ல வந்ததும் நான்தானா?"

அவள் டிவியை அணைத்தாள். "ஆமாம்ப்பா."

"மலை மந்திர்ல அவாளுக்கெல்லாம்?"

அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று மாலை அவர் கோயிலுக்குப் போகவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு ஸ்ரீவத்ஸனின் போன் அடித்தது. எதிரே ப்ரணவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மேஜைமேல் மீதி மூன்று விளம்பரங்களின் தாள்கள் கிடந்தன. வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"ஹலோ... வத்ஸா, பதிவாறதா?"

இழுக்கவில்லை. நடுங்கவில்லை.

"அப்பா..."

"நன்னா பதிவாறதாடா?"

ப்ரணவ் சாப்பாட்டை நிறுத்தினான். கையைத் துடைத்துக்கொண்டு கம்பியை நீட்டினான்.

"ஆறதுப்பா."

"அச்சா. இன்னிக்கு என்ன சொல்லணும்? சொல்லிக் கொடு."

ஸ்ரீவத்ஸன் கம்பியை வாங்கிச் செருகினான். மேலே இருந்த தாளை எடுத்து, முதல் வரியைப் படித்தான்.